என் வகுப்புப் பிள்ளைகளுக்கே நான் டியூஷன் எடுக்கலாமா?

கேள்வி:

நான் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் 40 பேர் படிக்கிறார்கள். அதில் 8 பேர் சாயங்காலம் என் வீட்டுக்கு டியூஷன் வருகிறார்கள். அவர்களுடைய பெற்றோர்களே கேட்டுத்தான் ஆரம்பித்தேன். எங்கள் பள்ளியில் இதற்குத் தடை இல்லை. மற்ற ஆசிரியர்களும் எடுக்கிறார்கள். வீட்டுக் கடன் இருப்பதால் அந்த வருமானமும் எனக்குத் தேவைப்படுகிறது. போன வாரம் ஒரு மாணவி, மணி அடிக்கும் நேரத்தில் சந்தேகம் கேட்டாள். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். பக்கத்தில் இருந்த டியூஷன் பையன், “நீயும் டியூஷன் வந்தா மிஸ் சொல்லித் தருவாங்க” என்று அவளிடம் சொன்னான். அதிலிருந்து மனசு சரியில்லை. விடைத்தாள் திருத்தும்போதும் ஒன்றைக் கவனித்தேன். டியூஷன் பிள்ளையின் கையெழுத்து என்று தெரிந்துவிட்டால், பாதிதான் எழுதியிருந்தாலும் “இவனுக்குத் தெரியும்” என்று மதிப்பெண் போட்டுவிடுகிறேன்.

இன்னொன்று. அப்பா அம்மா பிரிந்துவிட்டதை ஒரு மாணவன் என்னிடம் மட்டும் சொன்னான். எல்லோரும் அவனிடம் கொஞ்சம் பொறுமையாக இருக்கட்டும் என்று நினைத்து ஸ்டாஃப் ரூமில் சொன்னேன். மறுநாள் ஒரு ஆசிரியர் வகுப்பிலேயே, “வீட்ல ஏதோ பிரச்சனையாமே?” என்று அவனைக் கேட்டுவிட்டார். இப்போது அவன் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் எதையும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எங்கே தவறினேன்? இதையெல்லாம் கண்டும் காணாமல் இருக்கும் சக ஆசிரியர்களிடம் நான் ஏதாவது சொல்ல வேண்டுமா?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

யாரும் உங்கள் மேல் புகார் கொடுக்கவில்லை, யாரும் விளக்கம் கேட்கவில்லை. அப்படியிருந்தும் திருத்தும்போது உங்கள் கை எந்தப் பக்கம் சாய்கிறது என்று நீங்களே பார்த்து எழுதியிருக்கிறீர்கள். அந்த நேர்மைக்கு மரியாதையாக, நானும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மதிப்பெண் போடும் பிள்ளைகளிடம் பணம் வாங்கிக்கொண்டு டியூஷன் எடுப்பதை நிறுத்த வேண்டும். வேறு வகுப்பு, வேறு பள்ளிப் பிள்ளைகளுக்கு எடுப்பது தனி விஷயம்; அதைப் பின்னால் சொல்கிறேன்.

பெற்றோர்களே வந்து கேட்டார்கள் என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் அவர்களில் ஒருவர் வருடத்தின் நடுவில், “போதும் மிஸ், அடுத்த மாதத்திலிருந்து நிறுத்திக்கொள்கிறோம்” என்று உங்களிடம் இயல்பாகச் சொல்லிவிட முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் முகம் சுளிக்காமல் சரி என்றுதான் சொல்வீர்கள். அது அவருக்கு எப்படித் தெரியும்? மிஸ்ஸுக்கு மனசு கோணிவிட்டால் பிள்ளையின் மதிப்பெண் என்ன ஆகுமோ என்று அவர் நிச்சயம் தயங்குவார். டியூஷன் வராத 32 பேரின் வீட்டிலும் இதே கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்: அனுப்பாவிட்டால் பிள்ளைக்கு ஏதாவது குறையுமோ? நீங்கள் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. உங்கள் நாற்காலி அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஆசிரியர் வேலையில் சரி, தப்பு பார்க்கும்போது நான் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்: இந்த இடத்தில் ‘முடியாது’ என்று சொல்ல முடியாதவர் யார்? அனேகமாக எல்லா நேரமும் அது மாணவராகவே இருப்பார். சில நேரம் அவருடைய பெற்றோர்.

அந்தப் பையன் சொன்னதைக் கொஞ்சம் பாருங்கள். அவன் குறும்புக்காகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. தான் பார்த்ததைச் சொல்லியிருக்கிறான். வகுப்பில் மணி அடித்தால் பாடம் முடிந்துவிடும், சாயங்காலம் முடியாது என்பது அவனுடைய அனுபவம். நீங்கள் வேண்டுமென்றே வகுப்பில் எதையும் மிச்சம் வைப்பவர் இல்லை. ஆனாலும் களைத்துப் போயிருக்கும் ஒரு மதியத்தில், கடினமான ஒரு கணக்கை வேகமாகத் தாண்டிப் போகும்போது, ‘சாயங்காலம் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற எண்ணம் உங்களை அறியாமலேயே வந்துவிடும். அந்தச் சாயங்காலம் 8 பேருக்கு மட்டும்தான் வரும்.

அப்புறம் வினாத்தாள். அதைத் தயாரிப்பதும் நீங்கள்தானே? தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு டியூஷனில் எந்தக் கணக்குகளைத் திரும்பப் போடச் சொல்வீர்கள்? தாளில் என்ன இருக்கிறது என்று உங்கள் மூளைக்குத் தெரியும். தெரிந்ததைத் தெரியாததுபோல் வைத்துக்கொண்டு பாடம் நடத்த யாராலும் முடியாது. கேள்வியை வெளியே விடவில்லை என்று நீங்கள் சத்தியம் செய்யலாம், அது உண்மையாகவும் இருக்கும். இருந்தாலும் அந்த 8 பேரும் மற்றவர்களைவிடத் தயாராகத்தான் தேர்வுக்கு உட்காருவார்கள்.

மதிப்பெண் விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் நீங்கள் அதிகம் கலங்கியிருக்கிறீர்கள். பழைய ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். 1912-ல் அமெரிக்காவில் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இருவர், ஒரே ஆங்கில விடைத்தாளின் நகலை 142 ஆசிரியர்கள் திருத்தும்படி செய்தார்கள். நூற்றுக்கு ஒருவர் 64 போட்டார், இன்னொருவர் 98 போட்டார். கணக்கு என்றால் இப்படி ஆகாது என்று சிலர் சொன்னதால், அடுத்த வருடம் வடிவியல் தாள் ஒன்றையும் கொடுத்துப் பார்த்தார்கள். அதிலும் மதிப்பெண்கள் சிதறித்தான் கிடந்தன. ஒருவர் படிநிலைக்கு மதிப்பெண் தருகிறார், ஒருவர் விடையை மட்டும் பார்க்கிறார், ஒருவர் அழுக்காக எழுதியதற்குக் குறைக்கிறார். மாணவர் யார் என்றே தெரியாத ஆசிரியர்களுக்குள் இவ்வளவு வித்தியாசம் என்றால், கையெழுத்தைப் பார்த்ததும் முகம் நினைவுக்கு வருகிற ஆசிரியரின் நிலை என்ன?

உங்கள் பாடத்திலிருந்தே ஒரு உதாரணம். கூம்பின் கன அளவு கேட்டு 5 மதிப்பெண் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். டியூஷன் பையன் சூத்திரம் எழுதவில்லை, நேராக எண்களைப் போட்டுப் பெருக்கி விடை கொண்டுவந்துவிட்டான். கன சென்டிமீட்டர் என்று எழுதவேண்டிய இடத்தில் சதுர சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கிறான். உங்களுக்குத் தெரியும், நேற்று சாயங்காலம்தான் உங்கள் முன்னால் உட்கார்ந்து அவன் சூத்திரத்தை அழகாகச் சொன்னான். அவசரத்தில் விட்டுவிட்டான் என்று 4 போடுகிறீர்கள். பத்துத் தாள் தள்ளி, கடைசி பெஞ்ச் பெண் ஒருத்தியும் அதேபோல் சூத்திரத்தை விட்டு, அதே அலகுப் பிழையோடு, அதே விடையை எழுதியிருக்கிறாள். அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று நீங்கள் எந்தச் சாயங்காலமும் பார்த்ததில்லை. 3 போடுகிறீர்கள். இரண்டும் தனித்தனியாக நியாயமாகவே தோன்றும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அநியாயம் தெரியும். தாளில் எழுதியதற்குத்தான் மதிப்பெண். அவனுக்குத் தெரியும் என்பது உங்களுக்கும் அவனுக்கும் நடுவில் உள்ள செய்தி. தாளில் அது இல்லை.

ஆசிரியர்களின் நிலை குறித்து யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து கொண்டுவந்த பரிந்துரை 1966 அக்டோபர் 5-ல் நிறைவேறியது. அந்த நாளைத்தான் 1994-லிருந்து உலக ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். மாணவரின் முன்னேற்றத்தை எந்த முறையில் மதிப்பிடுவது என்று தீர்மானிக்கும் சுதந்திரத்தை அது ஆசிரியருக்கே தருகிறது. கூடவே, அதனால் தனிப்பட்ட எந்த மாணவருக்கும் அநீதி நேராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் அவரிடமே விடுகிறது. பேனா நம் கையில் இருப்பதற்கு விலை அது.

திருத்துகிற முறையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். தாள்களைத் தொடுவதற்கு முன்பே ஒவ்வொரு கேள்விக்கும் எந்தப் படிக்கு எத்தனை என்று ஒரு காகிதத்தில் எழுதிவிடுங்கள். சூத்திரம் இல்லாமல் சரியான விடை வந்தால் எவ்வளவு, அலகு தப்பினால் எவ்வளவு குறைப்பது, இந்த மாதிரிக் குழப்பங்களுக்கும் சேர்த்து. பெயர் எழுதிய ஓரத்தை மடித்துவிடுங்கள். ஒரு பிள்ளையின் தாளை முழுசாகத் திருத்திவிட்டு அடுத்ததை எடுப்பதற்குப் பதிலாக, 40 பேரின் முதல் கேள்வியை முடித்துவிட்டு இரண்டாவதுக்குப் போங்கள். முதல் பக்கம் நன்றாக இருந்தால் மீதிப் பக்கங்களும் நன்றாக இருப்பதாகத் தோன்றும் மயக்கம் இதில் நிறையக் குறையும். ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் கட்டைக் கலைத்து அடுக்குங்கள். கடைசியில் வருகிற தாள்களுக்கு எப்போதும் களைத்த கண்ணே கிடைக்கக் கூடாது. பழகிய கையெழுத்தை மடிப்பு மறைக்காதுதான். அந்த இடத்தில் நீங்கள் எழுதி வைத்த காகிதம் கைகொடுக்கும்.

ஏற்கெனவே போட்ட மதிப்பெண்களை என்ன செய்வது? தாள்கள் இன்னும் உங்களிடம் இருந்தால், டியூஷன் பிள்ளைகளுக்குக் கூட்டிப் போட்டதைக் குறைக்கப் போகாதீர்கள். உங்கள் கை சாய்ந்ததற்கு அவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களுக்கு எந்த அளவில் தாராளமாக இருந்தீர்களோ, அதே அளவை மற்ற 32 தாள்களுக்கும் கொண்டுபோங்கள். மேலே சொன்ன கூம்புக் கணக்கில் அவனுக்கு 4 என்றால் அந்தப் பெண்ணுக்கும் 4. ஒரு சாயங்கால வேலைதான். மதிப்பெண் பட்டியல் போய்விட்டது என்றால், தலைமை ஆசிரியரிடம் சென்று, சில தாள்களை மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது என்று சொல்லித் திருத்திக் கொடுங்கள். ஏன் என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். எல்லாத் தாளுக்கும் ஒரே அளவுகோல் போடவில்லை என்பதைச் சொல்ல நீங்கள் கூச வேண்டியதில்லை.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. வீட்டுக் கடன் நிஜம், அதன் தவணைத் தேதி நிஜம். மேலே சொன்ன அதே 1966 பரிந்துரை, ஆசிரியரும் அவர் குடும்பமும் ஓரளவு நல்லபடியாக வாழும் அளவுக்குச் சம்பளம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அது எல்லா இடத்திலும் நடந்துவிடவில்லை என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அதனால் டியூஷனே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். தென்கொரியா 1980-ல் தனிப்பயிற்சிக்கு நாடு முழுக்கத் தடை போட்டது. தேவை இருந்ததால் அது மறைவாக நடந்தது. 2000-ல் அந்தத் தடை செல்லாது என்று அந்நாட்டின் அரசியல் சட்ட நீதிமன்றமே சொல்லிவிட்டது. உங்கள் கையில் மதிப்பெண் இல்லாத பிள்ளைகளுக்கு எடுங்கள். வேறு பள்ளிப் பிள்ளைகள், பெரியவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் என்று கணக்கு வேண்டியவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பள்ளியில் இதை எழுத்தில் தெரிவித்துவிட்டே செய்யுங்கள். அடுத்த வருடம் உங்கள் வகுப்புக்கு வரப்போகிறவர்கள் என்றால் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். “என் பிள்ளைகள் உங்களிடம், உங்கள் பிள்ளைகள் என்னிடம்” என்று சக ஆசிரியரோடு பேசி மாற்றிக்கொள்ளும் யோசனை யாராவது தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதில் ஒருவருக்கொருவர் கடன்பட்டுவிடுவீர்கள். கடைசியில் ஒரே ஒரு மதிப்பெண் கேட்டு அவர் வந்து நிற்கும்போது மறுக்க முடியாது.

எட்டுப் பேரையும் நாளைக்கே வரவேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். நடக்கும் பாடத்தை முடித்து, முன்கூட்டியே தேதி சொல்லி, பெற்றோரை ஒவ்வொருவராக நேரில் பார்த்துப் பேசுங்கள். “உங்கள் பிள்ளைக்கு நான்தான் மதிப்பெண் போடுகிறேன். அதனால் பணம் வாங்கி எடுப்பது சரியில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். வகுப்பில் எப்போதும் போலவே பார்த்துக்கொள்வேன்” என்ற அளவு போதும். பள்ளியிலேயே வாரத்தில் ஒன்றிரண்டு நாள், பாடவேளை முடிந்து அரை மணி நேரம், எந்தப் பிள்ளையும் காசில்லாமல் வந்து சந்தேகம் கேட்கலாம் என்று வைத்தால் இன்னும் நல்லது. அந்த மாணவிக்கு அது போதும். ஆனால் அவள் கேட்ட கேள்வி இன்னும் நிற்கிறது. அதை அடுத்த வகுப்பில் முதல் வேலையாக, அவள் பெயரைச் சொல்லி, கரும்பலகையில் போட்டு விளக்கிவிடுங்கள்.

இனி அந்த மாணவன். நல்லது நினைத்துத்தான் சொன்னீர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவன் வீட்டில் நடந்தது அவனுடையது. 1989-ல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, குழந்தைக்கும் அந்தரங்கம் உண்டு என்று 16-வது பிரிவில் சொல்கிறது. ஸ்டாஃப் ரூமில் நாம் அதை மிகச் சாதாரணமாக மறந்துவிடுகிறோம். “அவன் அம்மா இப்படி”, “அவள் அக்காவும் தேறல, இவளும் தேறமாட்டா” என்று பேசுவது நமக்கு அலுப்பைத் தீர்க்கும் பேச்சு. அடுத்த பாடவேளைக்குப் போகிற ஆசிரியர் அதையும் காதில் வாங்கிக்கொண்டுதான் வகுப்புக்குள் நுழைகிறார். 1968-ல் ராபர்ட் ரோசன்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கலிஃபோர்னியாவில் ஒரு தொடக்கப் பள்ளியில், குலுக்கலில் எடுத்த சில பிள்ளைகளைக் காட்டி, இவர்கள் இந்த வருடம் நன்றாக முன்னேறப்போகிறவர்கள் என்று ஆசிரியர்களிடம் சொல்லி வைத்தார்கள். முதல் இரண்டு வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் உண்மையிலேயே மற்றவர்களைவிட அதிகம் முன்னேறினார்கள். இந்த விளைவு எவ்வளவு பெரியது என்று பிறகு நிறைய வாக்குவாதம் நடந்தது, அதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை. என்றாலும் ஒரு பிள்ளையைப் பற்றி நம் காதில் விழுந்தது, அவனிடம் நாம் எவ்வளவு நேரம் பொறுத்திருந்து பதில் கேட்கிறோம் என்பதை மாற்றும். வகுப்பில் நின்ற எவருக்கும் இது தெரியும்.

உதவி தேவைப்பட்டால் காரணத்தை விட்டுவிட்டுத் தேவையை மட்டும் சொல்லலாம். “இவன் சில நாள் அமைதியாக இருப்பான். ஹோம்வொர்க் தாமதமானால் திட்டாமல் என்னிடம் சொல்லுங்கள்.” அவனுக்குப் பாடம் எடுப்பவர்களிடம் மட்டும் சொன்னால் போதும். அதையும் அவனிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்: “மற்ற சார், மிஸ்கிட்ட என்ன சொல்லலாம், என்ன சொல்ல வேண்டாம்?” பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லத் தெரியும்.

இப்போது அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். தனியாக, ஆனால் கதவு திறந்திருக்கிற, ஆள் நடமாட்டம் தெரிகிற இடத்தில். “நீ என்னை நம்பிச் சொன்னதை உன்னிடம் கேட்காமல் வெளியே சொன்னேன். அது தப்பு. அதனால் உனக்கு வகுப்பில் கஷ்டமாகிவிட்டது. இனி அப்படிச் செய்யமாட்டேன்” என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். உன் நல்லதுக்குத்தான் செய்தேன் என்று சேர்க்க வாய் வரும். சேர்க்காதீர்கள், அதைக் கேட்டால் உங்களைச் சமாதானப்படுத்தும் வேலையும் அவன் தலையில் விழும். அவன் பதிலே சொல்லாமல் போகலாம். போகட்டும். வகுப்பில் அவனைக் கேட்ட ஆசிரியரிடமும், இனி அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று தனியாகச் சொல்லிவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அடிபடுவது, யாராவது தவறாகத் தொடுவது, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது என்று ஒரு பிள்ளை சொன்னால், அங்கே ரகசியம் காக்கக் கூடாது. அதனால்தான் “யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க மிஸ்” என்று கேட்கும் பிள்ளைக்கு எப்போதும் சத்தியம் செய்யக் கூடாது. “உனக்கு ஆபத்து இருந்தால் உதவி செய்யக்கூடிய ஒருவரிடம் சொல்லத்தான் வேண்டும். யாரிடம் சொல்கிறேன் என்பதை முதலில் உன்னிடம் சொல்வேன்” என்று மட்டும் சொல்லுங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள். அவன் சொன்ன வார்த்தைகளை அப்படியே தேதி, நேரத்தோடு எழுதி, பள்ளியில் இதற்குப் பொறுப்பானவரிடம் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். தானே விசாரித்து உறுதிசெய்துகொண்டு சொல்லலாம் என்று காத்திருப்பது ஆபத்து.

சக ஆசிரியர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அவர்களுக்கு அறிவுரை சொல்லும் பொறுப்பை நீங்கள் ஏற்க வேண்டாம். உங்கள் முடிவைக் கேட்பவர்களிடம் காரணத்தைச் சொல்லுங்கள், அது போதும். ஆனால் டியூஷன் வராத பிள்ளைக்கு வேண்டுமென்றே குறைத்துப் போடுகிறார்கள், வகுப்பில் பாடத்தை விட்டுவிட்டு டியூஷனில் நடத்துகிறார்கள் என்று உங்களுக்கு நேரடியாகத் தெரிந்தால், சும்மா இருப்பது சரியாகாது. முதலில் அந்த ஆசிரியரிடமே தனியாகப் பேசுங்கள். மாறவில்லை என்றால், நீங்கள் பார்த்ததை மட்டும், கேள்விப்பட்டதைக் கலக்காமல், தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். தன் வகுப்புப் பிள்ளைகளுக்கு யாரும் காசு வாங்கி டியூஷன் எடுப்பதில்லை என்று பள்ளி முழுவதற்கும் ஒரு விதி வேண்டும் என்றும் அதில் கேளுங்கள். உங்கள் டியூஷனை நிறுத்திய பிறகு அந்தக் கடிதத்தைக் கொடுங்கள்.